வாசல் அறையில் ஒருத்தி

அந்தக் கட்டடத்தின் இடப்பக்க வரிசையில் இருந்த மூன்று வீடுகளுக்கும் தண்ணீர் பட்டால் ஆகாது. மேல்மாடி வீடு சும்மா சீறும், அவ்வளவுதான். நடுமாடி வீடு மஞ்சளாக எரியும். கீழ்வீட்டில் ஊதாத் தீ எழுந்து சன்னல் கண்ணாடி தெறிக்கும். அதனால் அங்கே குழாய் கிடையாது. ஈரம் அண்டாமல் இருக்க வாரம் ஒருமுறை சுவருக்கு எண்ணெய் பூசுவதோடு சரி. அந்த வேலையும் பம்பு அறையில் குடியிருந்த குழாய்க்காரன் தலையில்தான் விழுந்தது. மேலே தையற்காரர், நடுவில் குழாய்க்காரனின் தங்கை, தட்டச்சு வேலை பார்ப்பவள். இருவருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனாலும் இருவருக்கும் ஒரே குணம்: வீட்டில் இருப்புக்கொள்ளாது. ஏனென்றால் அந்த வரிசையில் எல்லா வீட்டிலும் வாசல் அறையில் ஒருவர்தான் இருப்பார். கட்டடத்தில் ஒரு வீட்டின் குணத்தைத் தீர்மானித்தது அந்தக் கணக்கு மட்டுமே. வலக்கோடி வரிசையில் வாசல் அறைக்கு எட்டுப் பேர். யார் தட்டினாலும் திறக்கமாட்டார்கள், யாரோடும் வம்புதும்பு கிடையாது. அதற்கு முந்தைய வரிசையில் ஏழு பேர். எல்லா மாடியிலும் அந்த ஏழு பேர் கதவைத் திறந்துபோட்டு, ஒரு நாற்காலியைக் காலியாக வைத்துக்கொண்டு, எதிர்க்கோடியில் இருந்த இடப்பக்க வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தங்கையின் முகம் அந்த ஏழு பேர் பக்கமே திரும்பியிருப்பதைக் கண்ட குழாய்க்காரன் எண்ணெய் வாளியைக் கீழே வைத்தான். "போகணும்னு நான் நினைக்கலண்ணா. கால் தானா அங்க போகுது," என்றாள் அவள்.

அவளைப் பிடித்து நிறுத்தப் பின்னால் ஆள்பலம் போதவில்லை என்று அவன் முடிவுகட்டினான். நடுவீட்டில் உள்ளறையில் அப்பா அம்மா, அடுத்த அறையில் உறவுக்காரர் எட்டுப் பேர். பூட்டிக் கிடந்த கீழ்வீட்டில் இன்னொரு அறை கூடுதல். தங்கையோடு எல்லோரையும் அங்கே இறக்கி, அத்தை, சித்தப்பா என்று மேலும் எட்டுப் பேரைத் தேடிப்பிடித்து, வாசல் அறையை ஒட்டியிருந்த கூடுதல் அறையில் நிரப்பினான். பின்னால் இருக்கும் பதினெட்டுப் பேரை விட்டுவிட்டு யார் போவார்கள் என்று தெம்பாகச் சொல்லித் திரிந்தான். எண்ணெய் பூசப் போனபோது தையற்காரர் ஊசியில் நூல் கோத்தபடி சொன்னார்: "என் பின்னாடி ரெண்டே பேருதான். கை எட்டுற தூரத்துல இருக்காங்க, அதான் இன்னும் இருக்கேன். நடுவுல இத்தனை பேரு, உன் தங்கச்சிக்கு அம்மா கூப்பிட்டாக்கூடக் காதுல விழாது." பொறாமையில் பேசுகிறார் என்று அவன் நினைத்தான்.

மூன்றாம் நாள் காலை, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் எழுந்து நடைபாதையைக் கடந்து போனாள். உள்ளறையில் அம்மா கூப்பிட்டாள். இரண்டு அறைக் கூட்டத்தில் அந்தக் குரல் அமுங்கிவிட்டது. ஏழு பேரும் நகர்ந்து வழிவிட்டார்கள். காலி நாற்காலியில் அவள் உட்கார்ந்ததும் அவள் வீடும் அவர்கள் வீடும் மெல்ல நகர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கட்டடத்தில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

குழாய்க்காரன் அழுதுகொண்டே கீழ்வீட்டுக்கு ஓடினான். வாசல் அறை காலி. இப்போது வாசல் அறையாக முன்னால் இருந்தது அவன் கொண்டுவந்து நிரப்பிய அறை. அதில் அத்தையும் சித்தப்பாவும் மற்றவர்களுமாக எட்டுப் பேர், எந்தக் குறையும் இல்லாத முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றான். அத்தை அவனை முன்பின் தெரியாதவனைப் போலப் பார்த்தாள்.

"இங்க எல்லாரும் இருக்கோம்," என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.