அடியிலிருந்து எடுத்த லேப்டாப்

பாம்பு கடித்தபோதுகூட நான் பயப்படவில்லை. கடித்த பாம்புதான் பாவம், ஒரு வாரம் தலைதூக்காமல் கிடந்தது. நான்தான் அதற்கு முட்டை உடைத்து வைத்துவிட்டு வந்தேன். அப்படிப்பட்ட எனக்கு, என் மகள் பவுலின் லேப்டாப் வாங்கப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து குடிக்கிற தண்ணீர் நெஞ்சைத் தாண்டி இறங்கவில்லை.

மாப்பிள்ளை லூர்து பிரகாஷ் குவைத்தில் இருக்கிறார். கூட்டேரிப்பட்டு வீட்டில் நானும் பவுலினும், பால்குடி மறக்காத என் பேரனும்தான். சென்னைக் கம்பெனி ஒன்று பவுலினுக்கு வீட்டிலிருந்தபடியே கணக்கு பார்க்கிற வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. அதற்குத் திங்கட்கிழமை காலையில் ஆன்லைனில் பரீட்சை. சொந்தமாக லேப்டாப் இருக்க வேண்டும், பரீட்சை முடிகிறவரை கேமரா அணையக் கூடாது, நடுவில் அறுந்துபோனால் மறுபடி உட்கார விடமாட்டார்கள். வேலை கிடைக்காவிட்டால் அவள் பழையபடி ஒரகடம் பக்கம் கம்பெனிக்குப் போய் ஹாஸ்டலில் தங்கியாக வேண்டும். பேரன் என்னிடம் இருப்பான்.

அந்தக் கடைசி வாக்கியத்தை நினைத்து இரண்டு பேருமே நடுங்கினோம். அவள் பிள்ளையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே தூங்க ஆரம்பித்தாள். நான் தூங்குவதையே விட்டுவிட்டேன். ஒரு தடவை அரைமணி நேரம் அவனைத் தனியாகப் பார்த்துக்கொண்டேன். பவுலின் திரும்பி வந்தபோது தொட்டிலுக்குள் நான் படுத்திருந்தேன், அவன் ஆட்டிக்கொண்டிருந்தான்.

மலிவான லேப்டாப் என்றால் என்ன நடக்கும் என்பதும் எங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுத் தையல்காரி சின்னபொண்ணு தன் மகனுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தாள். அதன் பிராசஸருக்கு அவசரம் என்பதே கிடையாது. அவனுக்குப் பார்த்த பெண்ணின் போட்டோ மெயிலில் வந்தது. நெற்றி தெரிந்த அன்று நிச்சயதார்த்தம் முடிந்தது. மூக்கு தெரிவதற்குள் பந்தக்கால் நட்டாகிவிட்டது. முழு முகமும் திரையில் வந்தபோது அந்தப் பெண் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, உரித்துக்கொண்டிருந்தாள். அந்த மல்லாட்டையை வறுத்ததும் லேப்டாப்பின் மேல்தான், அத்தனை சூடு. நானே தின்று பார்த்தேன். உப்புதான் கொஞ்சம் கம்மி.

இதைச் சொன்னபோது பவுலின் சிரிக்கவில்லை. போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்துக் கண் சிவந்து கிடந்தாள். நல்ல பிராசஸராகப் பார்த்தால் பேட்டரி நிற்கவில்லை. பேட்டரி நிற்பதாகப் பார்த்தால் ஊர் பேர் தெரியாத கம்பெனியாக இருக்கிறது. பேர் தெரிந்த கம்பெனியாகப் பார்த்தால் கைக்கு எட்டவில்லை. எதைத் தொட்டாலும் பிள்ளையைக் கொண்டுபோய் வேறெங்கோ வைக்கிற மாதிரி இருக்கிறது என்றாள்.

சனிக்கிழமை விழுப்புரம் போனோம். கடைக்காரர் முதலில் பெரிய கம்பெனியுடையதைக் காட்டினார். எங்களுக்குக் கட்டுப்படியாகிற அளவில் பேர் மட்டும்தான் பெரிது. பிராசஸர், சின்னபொண்ணு மகன் வைத்திருந்ததற்குக் கூடப்பிறந்த தம்பி. அடுத்தது பறந்தது, தொடுவதற்கு முன்பே திறந்தது. ஆனால் பேட்டரி ஒன்றரை மணி நேரம்தான் வருமாம், பரீட்சையோ இரண்டு மணி நேரம். மூன்றாவது ஒன்று பகல் முழுக்கத் தாங்கும் என்றார். அந்தக் கம்பெனியின் பேரை அவரே அட்டையைத் திருப்பிப் பார்த்துத்தான் வாசித்தார். பழுதானால் எங்கே கொடுப்பது என்று பவுலின் கேட்டாள். அவர் கூரையைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

கரண்டை நம்பி இறங்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் தெரு கரண்டுக்குக் கூச்ச சுபாவம். யாராவது முக்கியமான வேலையில் இருப்பது தெரிந்தால் வீட்டுக்குள் நிற்காது. சும்மா படுத்துக் கிடப்பவன் வீட்டில் நாள் முழுக்க இருக்கும். அதனால் பேட்டரிதான் எங்களுக்கு உயிர்.

அங்கிருந்து பஸ் பிடித்துத் திண்டிவனத்தில் சேரன் என்கிற பையனுடைய கடைக்குப் போனோம். அங்கேதான் நடுவாந்தரமாக ஒன்று அகப்பட்டது. கேள்விப்பட்ட கம்பெனி. பிராசஸர் இந்த வருஷத்து ரகம் இல்லை, முந்தைய ரகம், கணக்கு பார்க்கத் தாராளமாகப் போதும். பேட்டரி ஆறு மணி நேரம். பவுலின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுத் தட்டிப் பார்த்தாள், மூடித் திறந்தாள், பாட்டுப் போட்டுக்கொண்டே கணக்கும் போட்டாள். சாயங்காலம்வரை ஓட்டியும் அது அசரவில்லை. சேரன்தான் அசந்துபோய் டீ வரவழைத்தான். இதே மாதிரி சீல் பிரிக்காத ஒன்றைக் கொடுங்கள் என்றாள். பின்னால் அடுக்கியிருந்த பெட்டிகளில் மேலே இருந்ததை அவன் எடுத்தான்.

இங்கே எங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் திண்டிவனத்தில் மல்லாட்டைத் தரகு பார்த்தவன். மூட்டையின் மேலே கிடப்பதை நம்பி வாங்குகிறவனுக்கு எங்கள் வழியில் பெண் கொடுக்கமாட்டோம். மேலே கைக்குக் கிடைப்பதெல்லாம் திரண்ட காயாக இருக்கும், உள்ளே இறங்க இறங்கப் பொக்கு. அதனால் குத்தூசியை மூட்டையின் அடிப்பக்கம் விட்டுத்தான் இழுத்துப் பார்ப்போம். பவுலின் தவழ்கிற வயதிலேயே மூட்டைகளுக்கு நடுவில் வளர்ந்தவள். அவள் முதலில் பேசிய சொல் அம்மா இல்லை, “அடியில எடு” என்பதுதான்.

“அண்ணா, மேல இருக்கிறது வேணாம். அடியில இருக்குதே, அதை எடுங்க” என்றாள்.

“எல்லாம் ஒண்ணுதாங்க்கா. மேல இருக்கிறது இப்பதான்...”

“அதான் வேணாம்னு சொல்றேன். அடியிலேருந்து எடுங்க.”

சேரன் என்னைப் பார்த்தான். பெற்றவனுக்கு இதைவிட என்ன பெருமை வேண்டும். நான் மீசையைத் தடவிக்கொண்டேன். அவன் பெட்டி பெட்டியாக இறக்கி வைத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்ததை இழுத்தான். மேலே தூசி படிந்திருந்தது. யார் கையும் படாத சரக்கு என்று பவுலின் என் காதில் சொன்னாள். நானும் தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் திறந்தோம். எல்லாம் ஒழுங்காக ஓடியது. சார்ஜ் கொஞ்சம்கூடக் குறையக் கூடாது என்ற பயத்தில் பவுலின் சார்ஜரைப் பிடுங்கவே இல்லை. அதனால் அந்தப் பேட்டரியின் குணம் எங்களுக்குத் தெரியாமலே திங்கட்கிழமை விடிந்துவிட்டது.

அறைக்குள் பவுலின் மட்டும் உட்கார்ந்தாள். நெட்டுக்குப் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். லேப்டாப்புக்குள்ளிருந்து ஒரு பெண் பேசினாள். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது, பேசக் கூடாது, முகம் கேமராவை விட்டு விலகக் கூடாது என்றாள். பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு நான் வெளியே பக்கவாட்டு ஜன்னலோரம் நின்றேன். அங்கே நின்றால் கேமராவுக்கு நான் தெரியமாட்டேன், எனக்குத் திரை தெரியும். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு என் கண் அப்படி. இங்கிருந்தே மயிலம் மலைமேல் போகிற எறும்பு ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுவேன்.

பரீட்சை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஃபேன் சுற்றுவது மெதுவாகி நின்றது.

பவுலின் அசையவில்லை. ஆறு மணி நேரம் தாங்கும் என்கிற தைரியம். நானும் திரையின் மூலையில் இருந்த பேட்டரி எண்ணைப் பார்த்தேன், நூறு. பேரனின் மூக்கைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன், எழுபது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன், அறுபத்தொன்று. பவுலினும் அப்போதுதான் பார்த்தாள். விரல்கள் மட்டும் நிற்காமல் தட்டிக்கொண்டிருந்தன.

நான் வாசலுக்கு ஓடி என் போனிலிருந்து சேரனைக் கூப்பிட்டேன்.

“பெரியவரே, அது அடியில கெடந்ததுங்க” என்றான். “ரெண்டு வருஷமா அங்கதான் கெடக்குது. பேட்டரி சும்மா கெடந்தே செத்துப் போயிருக்கும். மேல இருந்தது போன வாரம் எறக்குனது.”

“அதை அங்கியே சொல்லக் கூடாதா?”

“சொல்ல வந்தேங்க. அக்கா என்னைத் திருடனைப் பாக்கிற மாதிரி பாத்தாங்க. நீங்க மீசையைத் தடவிக்கினு நின்னீங்க.”

மாற்றித் தருகிறேன், கொண்டு வாருங்கள் என்றும் சொன்னான். பரீட்சைக்கு நடுவில் எதைக் கொண்டுபோவது? சின்னபொண்ணு வீட்டுக்கு ஓடினேன். தையல் மோட்டாருக்காக அவள் இன்வெர்ட்டர் வைத்திருக்கிறாள். பேரனை அவள் மடியில் போட்டேன். அவள் ஒன்றும் கேட்காமல் தையலை நிறுத்திவிட்டு ஜங்ஷன் பாக்ஸை எடுத்து நீட்டினாள். வயர் நீளம், சுவர் தாண்டி எங்கள் வாசல்படிக்கு வந்தும் மிச்சம் இருந்தது.

“அண்ணே, அந்த ஓட்டை லூசா இருக்கும். கையால அழுத்திப் புடிச்சிக்கினுதான் இருக்கணும்” என்று பின்னாலிருந்து சொன்னாள்.

அறை வாசலின் மேல்பாதி கேமராவில் விழும். நான் தரையில் படுத்தேன். புலி துரத்தியபோதுகூட நடந்தே வந்தவன் நான். புலிக்குத்தான் மூச்சு வாங்கியது. ஆனால் அன்றைக்கு ஜங்ஷன் பாக்ஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வயிற்றால் நகர்ந்தேன். மேசைக்கடியில் சேரும்போது முட்டி நாற்காலியில் இடித்தது.

“மேடம், ஏதோ சத்தம் வருது. ரூம்ல யாராவது இருக்காங்களா?” என்றது அந்தக் குரல்.

பவுலின் பொய் சொல்லிப் பழகாதவள். செய்த பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய அவள் போனால் சாமியார் பாதியில் தூங்கிவிடுவார்.

“ஒரு ஆடுங்க” என்றாள். அவள் கால் விரல்கள் என் கண்ணுக்கு நேரே தரையைப் பிறாண்டிக்கொண்டிருந்தன.

நான் கத்துவதா வேண்டாமா என்று யோசித்தேன். ஆடு மாதிரி என்னைப்போல் யாரும் கத்த முடியாது, கிடாய்களே திரும்பிப் பார்த்திருக்கின்றன. ஆனால் அதற்கெல்லாம் நேரமில்லை. சுவரில் இருந்த சார்ஜர் பிளக்கைப் பிடுங்கிப் பாக்ஸில் சொருகி அழுத்தினேன். மேலே சார்ஜ் ஏறுகிற சத்தம் லேசாகக் கேட்டது. பிறகு பவுலின் சொன்னாள், அப்போது எண் நான்கில் நின்றதாம்.

“சாரி மேடம். லேப்டாப்பை எடுத்து ரூமை ஒருவாட்டி சுத்திக் காட்டுங்க.”

பவுலின் எழுந்தாள். லேப்டாப் எழுந்தது, வயர் எழுந்தது, வயரின் நுனியில் நானும் எழ வேண்டியிருந்தது. அவள் கேமராவை ஜன்னல் பக்கம் திருப்பினாள். நான் குனிந்தபடி அவளுடைய முதுகுப் பக்கம் நகர்ந்தேன். கதவுப் பக்கம் திருப்பினாள். நான் பீரோ பக்கம் போனேன். பீரோ பக்கம் திரும்பும்போது அவள் வேண்டுமென்றே மெதுவாகத் திரும்பினாள், நான் அதற்குள் தவழ்ந்து கதவுப் பக்கம் வந்துவிட்டேன். அவள் மூச்சு மட்டும் கேட்டது, ஓடி வந்தவள் மூச்சு மாதிரி.

“மேசைக்கு அடியில காட்டுங்க.”

காட்டினாள். நான் அப்போது அவள் காலுக்குப் பின்னால் முழங்காலிட்டிருந்தேன். இரண்டு கையாலும் பிளக்கை அழுத்திக்கொண்டு, தெரிந்த செபத்தையெல்லாம் வரிசை மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“ஓகே மேடம். ஆட்டை வெளியில கட்டிடுங்க. கன்டினியூ பண்ணுங்க.”

அவள் உட்கார்ந்தாள். நான் மறுபடி மேசைக்கடியில் போனேன். அதன் பிறகு எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. கொஞ்சம் விரலைத் தளர்த்தினாலும் சார்ஜ் அறுந்தது, மேலே அவள் முழங்கால் விறைத்தது. மறுபடி அழுத்தினால் அது தளர்ந்தது. பக்கத்து வீட்டில் பேரன் பசிக்கு அழ ஆரம்பித்தான். பவுலினின் சேலை முன்பக்கம் நனைந்துவிட்டது. அவள் எழுந்திருக்கவில்லை, தட்டிக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் தட்டுகிற சத்தம் நின்றது. திரையில் ஒரு வட்டம் சுற்றுவதாகச் சொன்னாள். அவள் பேசியதை வைத்துத்தான் பரீட்சை முடிந்தது என்று தெரிந்துகொண்டேன். அந்த வட்டம் நின்றால்தான் முடிவு தெரியுமாம்.

“செலக்டட்னு போட்டிருக்குதுப்பா.”

அடுத்த நொடி அவள் அறையில் இல்லை. பக்கத்து வீட்டில் அழுகை சட்டென்று நின்றது. பிள்ளையை மாரோடு சேர்த்துப் பால் கொடுத்தபடியே திரும்பி வந்து, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“விடுப்பா. முடிஞ்சிடுச்சு.”

“நல்லா பாத்தியா?”

“நல்லா பாத்தேன்.”

“இன்னொருவாட்டி பாரு.”

எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து அதையேதான் சொன்னாள். விட்டுவிடலாம் என்று எனக்கும் தோன்றியது. விரல்கள்தான் பிளக்கை விட்டு வரவில்லை. அவள் பிள்ளையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.