கண் மூடிய படங்கள்

பழைய மென்பொருளுக்கு ஆயுசு முடிந்துவிட்டதென்று, என் கணினியில் புதிதாக ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு மகள் தன் வீட்டுக்குப் போய்விட்டாள். அந்தப் புதுசுக்கு வாய் கொஞ்சம் அதிகம். புகைப்படங்களை எல்லாம் துருவிவிட்டு, ஒரே மாதிரி இரண்டிரண்டாக இருக்கிறதே, ஒன்றை அழிக்கட்டுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தது. மகளுக்குப் போன் செய்தேன்.

"அம்மா எதையும் ரெண்டு தடவ எடுப்பாங்கல்லப்பா. நல்லத வச்சுக்கிட்டு மத்தத தூக்கிடுங்க. இடமாவது மிச்சமாகும்."

அவள் அம்மா போய்ச் சேர்ந்த பிறகு இந்த மூன்று அறை வீட்டில் இடத்துக்கா பஞ்சம்?

ஒரு ஜோடியைத் திறந்தேன். முதல் படத்தில் வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறேன். இரண்டாவதில் கண் திறந்திருக்கிறது, வாய்விட்டுச் சிரிக்கிறேன். எல்லா ஜோடியும் இப்படித்தான். கேமராவை அவள் யார் கையிலும் கொடுத்ததில்லை; அதனால் எந்தப் படத்திலும் அவள் இல்லை. ஆனால் முதல் படத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் கத்துவாள்: "படம் எடுக்கறப்பகூட தூக்கமா உங்களுக்கு?"

இரண்டும் ஒன்றுதானே என்று கணினி மறுபடியும் கேட்டது. 'இல்லை' என்பதை அழுத்திவிட்டு அடுத்த ஜோடியைத் திறந்தேன். அதிலும் எனக்குத் திட்டு விழுந்தது.