நீவெஸ் காய்ச்சிய வஜ்ஜிரம்

கிரெமோனாவில் வயலின் செய்யாத வீட்டைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். அடுத்த வீட்டு வயலினைக் குறை சொல்லாத வீடு கிடைக்கவே கிடைக்காது. நீவெஸ் வாழ்க்கைப்பட்ட குடும்பத்தில் ஒரு சட்டம் இருந்தது: பெண்கள் மெருகு பூசலாம், பசைச் சட்டியைத் தொடக்கூடாது. யார் போட்ட சட்டம் என்று கேட்டால், அவள் கணவனின் அண்ணன் ஒரெஸ்தே செத்துப்போன தாத்தாவைக் கை காட்டுவார். தாத்தா எழுந்து வந்து மறுக்கவா போகிறார்?

மெருகு பூசியே நகமெல்லாம் பழுப்பேறிப்போன நீவெஸ், ஒருநாள் பட்டறையில் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

"ஜன்னலோரம் சும்மா கிடக்குதே அந்த மேசை, அது எனக்கு வேணும்."

"எதுக்கு, மாவு பிசையவா?" என்றார் ஒரெஸ்தே.

"வயலின் செய்ய. மேற்பலகைக்கு ரெண்டு துண்டையும் நான் ஒட்டுறேன், நீங்களே உடைச்சுப் பாருங்க. ஒட்டின இடத்துல விட்டுச்சுன்னா, ஆயுசுக்கும் தூரிகையைக் கீழ வைக்க மாட்டேன். விடலேன்னா மேசை என்னுது."

அன்று முற்றத்தைச் சுற்றியிருந்த ஒரு வீட்டிலும் சோறு சரியாக வேகவில்லை. எல்லாரும் இதைப் பற்றிப் பேசப் போய்விட்டார்கள்.

மாட்டுத் தோலிலிருந்து எடுக்கும் வஜ்ஜிரப் பசையை ஊறவைத்து, வெந்நீர்ச் சட்டிக்குள் இன்னொரு சட்டி வைத்து மெல்ல இளக்க வேண்டும். கொதித்தால் பிடிப்புப் போய்விடும். நீவெஸுக்குப் பொறுமை ஏது? முதல் தடவையே கொதிக்கவிட்டாள். நாற்றம் மாடிப்படி ஏறியது.

"அடியே நீவெஸ், யாரைடி வேகவைக்கிற?" மேல்மாடி ஸாயிரா கத்தினாள். "கிறிஸ்துமஸுக்குன்னு பழமும் கடுகும் போட்டுத் தித்திப்பு ஊறுகாய் கிண்டுறேன், பூராவும் மாட்டு வாடை!"

"இப்பவாவது அதுக்கு ஒரு ருசி வந்துச்சே, போ!"

கொதித்ததைக் கொட்டிவிட்டுப் புதிதாக இளக்கினாள். இரண்டு பலகைகளின் விளிம்பையும், சேர்த்துப் பிடித்தால் நடுவே வெளிச்சம் ஊடுருவாதபடி இழைத்து, அடுப்பருகில் சூடேற்றி, பசை தடவி, ஒன்றோடொன்று தேய்க்கத் தொடங்கினாள். அந்த நேரம் பார்த்து, "அப்பப்பா, மூச்சு முட்டுது" என்று ஒரெஸ்தே ஜன்னலைத் திறந்தார். கார்த்திகைப் பனிமூட்டம் உள்ளே நுழைந்தது. பசை இறுகி, பலகைகள் கோணலாக நின்றுவிட்டன.

"ஒட்டிருச்சு," என்றார் ஒரெஸ்தே, வாயெல்லாம் பல்லாக. "தூரிகை எங்க வச்ச?"

நீவெஸ் கொதிக்கும் கெண்டியை எடுத்து விளிம்பில் ஊற்றினாள். கொஞ்ச நேரத்தில் பலகைகள் பிரிந்தன.

"இது உங்களை மாதிரி வீம்பு பிடிக்காது, ஒரெஸ்தே. சுடுதண்ணி பட்டா விட்டுக்குடுத்துரும்."

கழுவிக் காயவைத்தவள், மறுநாள் மீண்டும் இழைத்தாள். ஜன்னலைச் சாத்தினாள். பிறகு ஒரெஸ்தேவின் முதுகில் கைவைத்து வெளியே தள்ளிக் கதவைப் பூட்டிவிட்டுப் பசை தடவி ஒட்டினாள். அவர் பனியில் நின்று ஜன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்தார். வேடிக்கை பார்க்க ஸாயிரா நாற்காலியோடு இறங்கி வந்தாள். வாடையெல்லாம் அன்று அவளுக்கு மறந்துபோயிற்று.

பசை நன்றாகக் காய்ந்தபின் பலகையை ஒரெஸ்தேவே முழங்காலில் வைத்து உடைத்தார். படாரென்று உடைந்தது, ஒட்டிய இடத்திலல்ல, பக்கத்தில் முழு மரத்தில்.

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பலகை சொத்தை."

"நீங்க பொறுக்கிக் குடுத்தது தானே?"

ஸாயிரா சிரித்த சிரிப்பு தேவாலயம் வரை கேட்டது. நீவெஸ் ஜன்னலோர மேசைமேல் கிடந்த அவருடைய தொப்பியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"போகும்போது கதவைச் சாத்திட்டுப் போங்க. பசைச் சட்டி அடுப்புல இருக்கு."