குளியலறைத் தரைக்கு ஓர் எர்த்

அன்று காலை அந்த வீட்டில் இருந்தவர்கள்: வீட்டுக்காரர் செல்லதுரை, எலெக்ட்ரீஷியன் ஜெஸிந்தா, டீ ஃபேக்டரி நைட் ஷிப்டை விட்டுவிட்டு அங்கே தோட்டவேலை பார்த்த நான். செல்லதுரையின் மனைவி தபித்தாள் டீச்சர் இல்லை. இரண்டு முட்டியிலும் ஆபரேஷன் முடிந்து கோயம்புத்தூரிலிருந்து மாலை ஐந்துக்கு வருவதாக இருந்தது.

அவருக்காகத்தான் குளியலறை ஓடுகளுக்கு அடியில் ஹீட்டர் கம்பி பதித்திருந்தார்கள். குன்னூரில் ஜனவரித் தரையின் குளிர் எலும்பு வரை ஏறும்.

ஜெஸிந்தா வந்தது டீச்சரின் கட்டில் பக்கம் காலிங்பெல் வைக்க. ஹீட்டரைப் பார்க்க யாரும் அவளைக் கூப்பிடவில்லை. ஆனால் மெயின் போர்டைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து நிறுத்தும் டிரிப்பர் அதில் இருந்தது.

"ஏனுங்க சார், ஹீட்டர் ஒயரு டிரிப்பர்ல சேராம நேரா போகுது?"

"அது சும்மா சும்மா விழுந்துச்சும்மா. பதிச்ச ஆளே வந்து நேரா குடுத்துட்டுப் போயிட்டான்."

"சும்மா விழாதுங்க. எங்கியோ கசியுது. எர்த் எதுல குடுத்திருக்காங்க?"

"தண்ணி பைப்புல. இரும்பு பைப், மண்ணுக்குள்ளதான போகுது. இங்க எல்லா பங்களாவுலயும் அப்படித்தான்."

அவள் இரண்டு ஒயர் மாட்டிய ஒரு பல்பை எடுத்து, ஒரு ஒயர் முனையைக் கரண்டிலும் மறுமுனையைக் குழாயிலும் வைத்தாள். எர்த் இருந்தால் எரிய வேண்டும். எரியவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, வெளிய இந்த பைப்பை யாராச்சும் மாத்துனீங்களா?"

நான்தான் மாற்றினேன். நவம்பரில் ஒரு காட்டெருமை மிதித்து உடைத்தது. ஆறடி வெட்டி எடுத்துவிட்டுக் கறுப்பு பிளாஸ்டிக் குழாய் போட்டேன். தண்ணீர் வந்தது. அந்த ஆறடியோடு எர்த்தும் போனது எனக்குத் தெரியாது. மாற்றியதைச் சொன்னேன்.

அவள் திட்டவில்லை. செல்லதுரையிடம், "கசியற கரண்டுக்கு இப்ப மண்ணுக்குப் போக வழியில்லைங்க. குழாயில வந்து நிக்கும். டீச்சர் ஈரக்காலோட புடிச்சா அவங்க வழியாத்தான் போகும்" என்றாள்.

"இத்தன நாள் ஒண்ணும் ஆகலியே? ரொம்ப பயப்படறியேம்மா."

"பயப்படறதாலதான் பத்து வருசமா உயிரோட இருக்கறனுங்க."

"அவ வர்றப்ப தரை சூடா இருக்கணும். சொல்லி வெச்சிருக்கேன்."

"இருக்குமுங்க." ஹீட்டர் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். "அதுவரைக்கும் இது எங்கிட்ட."

கசிவு வாஷ்பேசினுக்குக் கீழே இருந்தது. டேப் சுற்றிய இணைப்பு ஒன்று ஈரத்தில் ஊறிக் கிடந்தது. அதை வெட்டி, தண்ணீர் புகாதபடி புதிதாக இணைத்தாள். மீட்டர் வைத்துப் பார்த்தாள். ஓட்டுக்கு அடியில் இருந்த கம்பியில் குறை இல்லை.

எர்த் குழிக்குச் சுவரோரம் தோண்டினேன். இரண்டடியில் பாறை. வீட்டைச் சுற்றி வந்தவள், துவைக்கிற கல்லின் தண்ணீர் போய்ச் சேரும் மூலையைக் காட்டினாள். கோடையிலும் காயாத இடம்; ஈர மண்ணில்தான் எர்த் பிடிக்கும். தோண்டி முடிக்க மதியம் தாண்டிவிட்டது.

"பைப்பை வெட்டுனப்ப இருந்த வேகம் எங்கண்ணா போச்சு?"

எர்த் குழாயை நட்டு, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடினோம். அங்கிருந்து தடித்த செம்புக் கம்பியை உள்ளே இழுத்து, ஹீட்டர் கம்பியைச் சுற்றிய உலோக வலையையும் குளியலறைக் குழாய்களையும் அதில் கட்டினாள்.

இப்போது பல்பு முழுதாக எரிந்தது. பிறகு ஹீட்டரை டிரிப்பர் வழியாகக் கொடுத்து, வேண்டுமென்றே கசிய வைக்க, அதே பல்பை டிரிப்பருக்குப் பின்னாலிருந்து எர்த்துக்கு வைத்தாள். ஒரு மின்னல், ஒரு டக். டிரிப்பர் விழுந்துவிட்டது. மறுபடி வைத்தாள். மறுபடி.

"போதும்மா, கரண்டு வர்ற பைக்காரா டேமே வத்திரப் போகுது" என்றார் செல்லதுரை.

"இன்னும் ஒருக்காங்க."

எட்டு வருடம் ஃபேக்டரியில் இருந்தேன். கரண்டைக் கையால் தொட்டுக் காட்டிப் பெருமை பேசும் ஆட்களைத்தான் பார்த்திருக்கிறேன். தான் செய்த வேலையையே நாலு முறை சந்தேகப்பட்ட ஆளை அன்றுதான் பார்த்தேன்.

மணி நாலு. ஃபியூஸைத் திரும்பப் போட்டாள். வந்த வேலையான காலிங்பெல்லை வைத்து முடித்து, முக்கால் மணி நேரம் கழித்து, செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் நின்றாள்.

"பேக்கரியில வர்க்கி சுடற அடுப்புப் பக்கத்துல நிக்கற மாதிரி இருக்குதுங்க."

டீச்சர் ஐந்தரைக்கு வந்தார். வாக்கரைத் தள்ளிக்கொண்டு நேராகக் குளியலறைக்குத்தான் போனார். செல்லதுரை பின்னாலேயே போனார்.

"நீங்க எங்க வர்றீங்க? முட்டியத்தான் மாத்தியிருக்கு, மூளையை இல்ல."

வாசலில் செருப்பைக் கழற்றினார். வெறுங்காலை உள்ளே வைத்தார். "அட" என்றார்.

அவர் தாழிட்ட பிறகு உள்ளே ஏதாவது ஆனால் கதவை உடைக்கத்தான் வேண்டும் என்று எனக்கு மனதில் ஓடியது. குழி தோண்டிய மண்வெட்டி மூலையில் சாய்ந்திருந்தது. ஜெஸிந்தா படியில் உட்கார்ந்து டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் மண்வெட்டியை எடுக்கவில்லை.

டீச்சர் கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.