கிணற்று மண்ணில் வந்தவர்

பன்னிரண்டு அடி ஆழத்தில் அந்த உருவம் கிடைத்ததும் தர்மநாதன் கிணறு வெட்டுவதை நிறுத்திவிட்டார். ஒரு சாண் உயர வெண்கலம். மண்ணும் பச்சைக் களிம்பும் இறுகிப் போயிருந்தன. அதற்குள் ஆடையில்லாமல் ஓர் ஆண் நிற்பது மட்டும் தெரிந்தது. சமண வீட்டுக்கு அது போதாதா? தீர்த்தங்கரரே தம் நிலத்துக்கு வந்துவிட்டார் என்று அவர் அங்கேயே விழுந்து வணங்கினார். இனி அந்த இடத்தில் கடப்பாரை படக்கூடாது, சின்னதாக ஒரு கோயில் எழுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

மகன் ஸ்ரீபால் கிணறு வெட்டும் ஆட்களுக்குக் கூலி கொடுத்து அனுப்பிவிட்டான். மருமகள் ராஜமதிக்குத்தான் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அனந்தபுரத்திலிருந்து அவள் வாழ வந்து எட்டு மாதம். செஞ்சிப் பக்கம் இரண்டு வருஷமாக மழை இல்லை. அவர்கள் நிலத்தில் அந்த மூலையைத் தவிர எங்கே தோண்டினாலும் பாறை. கிணறு இல்லையென்றால் ஸ்ரீபால் மதராஸில் சித்தப்பாவின் பாத்திரக் கடைக்குப் போக வேண்டும். கடையிலேயே படுக்கை, வருஷத்துக்கு இரண்டு முறை ஊருக்கு வரலாம். வெள்ளிக்கிழமை பஸ் ஏறுவதாகப் பேசியாகிவிட்டது.

புதன்கிழமை காலை அபிஷேகம். தர்மநாதன் உருவத்தைத் தாம்பாளத்தில் நிறுத்தி முதலில் இளநீர் ஊற்றினார். பிறகு பால். ராஜமதி சொம்புகளை எடுத்துக் கொடுத்தாள். ஊறிய மண் கட்டி கட்டியாகக் கழன்று விழுந்தது. நிமிர்ந்திருக்க வேண்டிய முதுகு கூனியிருந்தது. விலா எலும்புகளை எண்ணலாம். கிழட்டு முகம், எதையோ கூவி விற்பது போல வாய் திறந்திருந்தது. இடது கையில் கூடை.

கூடையைப் பார்க்காதவர் போல மாமனார் சந்தனத்தைக் கையில் எடுத்தார். ராஜமதியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"மாமா, கூடையில மீன் இருக்குது."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். இரண்டு மீன்கள், செதில் முதற்கொண்டு. மெல்லத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு படி பால் ஊத்திட்டனே இவனுக்கு."

ஸ்ரீபால் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான்.

பள்ளிக்கூடம் விட்டதும் சரித்திர வாத்தியார் தாண்டவராயனை சைக்கிளில் கூட்டி வந்தான். அவர் உருவத்தை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தக் காலத்துக் கிரேக்கர்கள் தெய்வங்களோடு நிற்காமல் கூனர்கள், தெரு வியாபாரிகள், தூங்கி வழியும் அடிமைகள் என்று சாதாரண ஜனங்களையும் இப்படிக் குட்டி வெண்கலமாக வார்த்தார்களாம். கப்பலில் நம் கரைக்கு வந்திருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார். தாலுகா ஆபீசில் ஒப்படைக்க வேண்டுமாம்.

தர்மநாதன் கேட்டதையே மூன்று தரம் கேட்டார். சாமி இல்லையா? நிச்சயமாக இல்லையா?

"இல்லீங்க நயினாரே. நாள் பூரா அலைஞ்ச மீன்காரன், அவ்ளோதான்."

தர்மநாதன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாமி குற்றம் ஒரு பக்கம், பிள்ளையை அனுப்புவது ஒரு பக்கமாக, நாலு நாளாகத் தமக்கும் தூக்கமில்லை என்று அப்போதுதான் சொன்னார்.

"ஸ்ரீபாலு, கிணறு வெட்ற ஆளுங்களுக்கு இப்பவே போய்ச் சொல்லிட்டு வா. விடிஞ்சா நான் மறுபடி எதனா யோசிப்பேன்."

சைக்கிளை எடுக்கும்போது ஸ்ரீபால் மனைவி பக்கம் திரும்பினான். "வரலன்னு சித்தப்பாவுக்கு இன்னான்னு எழுதறது?"

"மீன்காரர் வாணாம்னுட்டார்னு எழுதுங்க."

பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிற வீடு அது. வெயில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. ராஜமதி சமையலறைக்குப் போய்ச் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டாம் முறை போட்டுக்கொண்ட பிறகும் பசித்தது.