ஹோக்னி வீட்டு டைல்ஸ் கிளம்பிய கதை

டைல்ஸ் முடிகிற இடத்தில் ஓரப்பட்டை வைக்காமல் விட்டதால், ஹோக்னி வீட்டுக் குளியலறை டைல்ஸ் ஒரு செவ்வாய்க்கிழமை காலை கதவைத் தாண்டி நடைக்கு வந்துவிட்டன. வட அட்லாண்டிக்கின் ஃபாரோ தீவுகளில் சின்னஞ்சிறியதான அந்தத் தீவில் டைல்ஸ் பதிக்கிறவன் ஹோக்னி ஒருவன்தான். ஊரார் வீட்டு ஓரமெல்லாம் அவன் கையால் மழமழவென்று முடிந்திருக்க, சொந்த வீட்டு ஓரம் மட்டும் மூளியாகக் கிடந்தது. பித்தளைப் பட்டையா, வெள்ளை பிளாஸ்டிக்கா என்று அவனும் மனைவி மார்யுனும் கல்யாணமான நாளிலிருந்து மல்லுக்கு நின்றார்கள். வீம்புக்கு மருந்து ஏது? இங்கே முடி என்று யாரும் சொல்லாத டைல்ஸ் எங்கே நிற்கும்?

வெள்ளைச் சதுரங்கள் மரத்தரையை வரிசை வரிசையாக மூடிக்கொண்டு வந்தன. உள்ளறையில் மார்யுன் ஏழு மாதக் கர்ப்பத்தோடு படுத்திருந்தாள். கட்டிலை விட்டு அசைந்தால் பிள்ளை தங்காது என்று மருத்துவச்சி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். புயலில் படகும் இல்லை. ஹோக்னியிடம் இருந்ததோ மிச்சப்பட்ட ஒரே கட்டுப் பித்தளைப் பட்டை. கல் வீடு ஆகையால் வாசலை அடைத்தால் ஊர் பிழைக்கும். உள்ளறைச் சுவரோ வெறும் பலகை, அடியில் எங்கும் டைல்ஸ் நுழையும். மார்யுனை மூடாமல் இருக்கக் கட்டிலைச் சுற்றித்தான் பட்டை கட்ட வேண்டும். இரண்டுக்கும் பட்டை காணாது. யோசிக்கவும் நேரமில்லை. பட்டையின் அடிவிளிம்பு டைல்ஸுக்கு அடியில் பசையில் பதிய வேண்டும். டைல்ஸ் வந்த பிறகு வைத்தால் நிற்காது.

வாசலில் ஊரே கூடிவிட்டது. பக்கத்து வீட்டு மாலேனாதான் முன்னால் நின்றாள்.

"வாசல்ல வைடா பாவி! என் உருளக்கெழங்குத் தோட்டம் மூடிப்போச்சுன்னா நான் எதத் திங்குறது? புருசன் பொண்டாட்டி சண்டைக்கு ஊரு அழியணுமா?"

உள்ளிருந்து மார்யுன் குரல் கொடுத்தாள். "ஹோக்னி, அவ சொல்றது நியாயந்தான். நான் நியாயம் கேக்கல. இங்க வா."

அவன் உள்ளே போனான். கட்டிலைச் சுற்றிப் பசை இழுத்து, பட்டையைச் சாய்வாக அறுத்து மூலை மூலையாகச் சேர்த்தான். கடைசி மூலையில் ஒரு மயிரிழை இடைவெளி விழுந்துவிட்டது. டைல்ஸ் அதைக் கண்டுகொண்டன. ஹோக்னி கட்டைவிரலை அங்கே வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினான். அவை நகத்தில் முட்டி, கொஞ்ச நேரம் நின்று, பின் திரும்பி வாசல் வழியாக வெளியே போயின.

வெள்ளிக்கிழமைக்குள் தோட்டங்களும் பாதைகளும் வீடுகளின் தரையும் தேவாலய முற்றமும் மூடி, டைல்ஸ் கடலோரப் பாறையில் போய் நின்றன. இரண்டு மாதம் கழித்து மார்யுனுக்குப் பெண் பிறந்தது. மாலேனா அந்த வீட்டோடு பேச்சை முறித்தாள். ஊர் பழகிக்கொண்டது: வீட்டுக் கூரைகளின் மேல் வளர்ந்திருந்த புல்லில் உருளைக்கிழங்கு நட்டார்கள், ஆடுகளையும் அங்கேயே ஏற்றினார்கள், ஞாயிறு தோறும் தெருவைத் துடைத்தார்கள். குளிரை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆடுகள் கீழே இறங்கி டைல்ஸில் ஈன்ற குட்டிகள் சில்லிப்பில் விறைத்துச் செத்தன. டைல்ஸ் ஏறாத தரை தீவில் மார்யுனின் கட்டிலடி ஒன்றுதான். அப்போதுதான் மாலேனாவின் மகள் ரூனாவுக்குப் பிரசவ வலி கண்டது.

மாலேனா மகளைத் தாங்கிக்கொண்டு நேரே மார்யுனின் உள்ளறைக்கு வந்தாள். "ஒங்கூட எனக்குப் பேச்சு இல்ல. கட்டில மட்டும் விடு."

மார்யுன் தூங்கிய மகளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள். ரூனாவின் பிள்ளை சூடாகப் பிறந்து, சூடாகவே அழுதது. அதன்பின் தீவில் பிறந்தவர்கள் எல்லாரும் அந்தக் கட்டிலில் பிறந்தவர்கள்தான். மாலேனா இன்றும் மார்யுனோடு பேசுவதில்லை. யாருக்காவது வலி கண்டால், அந்த வீட்டுக்கு முதலில் வெந்நீர் கொண்டுவருகிறவள் அவள்தான்.