ஒரு விரற்கடை கோணல்

படகுத்துறையில் அவளை எல்லோரும் டொக்டொக் அக்கா என்றுதான் சொல்வார்கள். பழைய படகை விற்பவரோ வாங்குபவரோ அழைத்தால், சட்டைப்பையில் சின்ன பிளாஸ்டிக் சுத்தியலோடு வந்து, படகின் உடம்பை முனையிலிருந்து முனைவரை டொக் டொக்கென்று தட்டிப் பார்ப்பாள். உள்ளே தண்ணீர் ஊறிய இடம் இருந்தால் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். இருபது வருஷமாக அதுதான் அவள் பிழைப்பு. அவள் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று இருந்துவிட்டால் அந்தத் துறையில் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை.

இந்த முறை அழைத்தது அவளுடைய சொந்தத் தங்கை. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவள். ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்து, அவர்கள் இடித்த இடியெல்லாம் தாங்கி, கடைசியில் தரையே வேண்டாம் என்று பாய்மரப் பந்தயத்தில் இறங்கியவள். ஐந்து பெண்களைச் சேர்த்து ஒரு அணி கட்டியிருந்தாள். படகுதான் இல்லை. பந்தயக் காலம் தொடங்க ஆறு வாரமே பாக்கி.

"மருந்துக்கடைக்காரரோட மஞ்சள் படகு விலைக்கு வந்திருக்கு" என்றாள் தொலைபேசியில். "நீ ஏற்கனவே பார்த்த படகுதானே. அரைமணி நேரம் வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ."

"பார்த்தது ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி."

"படகு என்ன பச்சைக் குழந்தையா, ரெண்டு வருஷத்துல வளர்ந்து மாறிப்போக?"

அந்தப் படகைப் பற்றித் துறை முழுக்கத் தெரியும். வரிசையாக மூன்று வருஷம் கோப்பை வாங்கிய படகு அது. மருந்துக்கடைக்காரரின் மனைவியுடைய தம்பிதான் சுக்கான் பிடித்தான். அப்புறம் ஒருநாள் தண்ணீருக்குள் மறைந்திருந்த பாறையில் கீல் மோதிவிட்டது. கீல் என்பது படகின் வயிற்றுக்கடியில் செங்குத்தாகத் தொங்கும் கனத்த இரும்புப் பலகை; படகு கவிழாமலும் காற்றில் பக்கவாட்டில் நழுவாமலும் பிடித்து நிறுத்துவது அதுதான். அதைக் கழற்றிச் சரிசெய்து மறுபடி பொருத்தினார்கள். பொருத்தியதைப் பரிசோதித்து 'எல்லாம் நலம்' என்று தாள் கொடுத்தவள் அக்கா. அதற்குப் பிறகு இரண்டு வருஷமும் அந்தப் படகு கடைசி வரிசையில்தான் வந்தது. போன வருஷம் கடைசிப் பந்தயம் முடிந்ததும், எல்லோரும் பார்க்க, மருந்துக்கடைக்காரர் மைத்துனனைப் பார்த்து "படகு கோணல் இல்லடா, உன் கைதான் கோணல்" என்று சொல்லிவிட்டார். அன்றைக்குக் கரையேறிப் போனவன்தான். அதன் பிறகு அவர் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

"மூணு கோப்பை வாங்கின படகு திடீர்னு ஏன் மந்தமாச்சுன்னு தெரியாம நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்றாள் அக்கா.

"அதான் ஊருக்கே தெரியுமே. ஓட்டினவன் சரியில்லை. நான் ஓட்டினா பறக்கும்."

"பறக்கட்டும். அதையும் பார்ப்போம்."

மறுநாள் காலை தட்டிப் பார்த்தாள். எங்கேயும் பிசகில்லை. கிரேனில் தூக்கி எடை பார்த்தாள். கட்டியவர்கள் எழுதிக்கொடுத்த எடைக்கும் இப்போதைய எடைக்கும் ஒரு மூட்டை அரிசி அளவுகூட வித்தியாசமில்லை. பாய்மர உச்சியிலிருந்து டேப்பை இறக்கி இரண்டு பக்கமும் அளந்தாள். மரம் நேராக நின்றது. பாய்களை விரித்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பழசுதான், ஆனால் தொய்யவில்லை.

"பார்த்தியா?" என்றாள் தங்கை.

"தண்ணியில இறக்கு."

தங்கை சுக்கான் பிடிக்க, அணியின் இரண்டு பெண்கள் பாய்க் கயிறுகளைப் பிடிக்க, மருந்துக்கடைக்காரர் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார். காற்று இடப்பக்கமிருந்து வந்தபோது படகு கத்தி போலப் போயிற்று. தங்கைக்கு வாயெல்லாம் பல். திருப்பிக்கொண்டு, காற்றை வலப்பக்கம் வாங்கியபோது முகம் மாறியது. நேராக எதிரே இருந்த சிவப்பு மிதவையைக் குறிவைத்துத்தான் பிடித்தாள். ஆனால் மிதவை மெல்ல மெல்ல ஒதுங்கிப் போய்க்கொண்டே இருந்தது. படகு நண்டு போலப் பக்கவாட்டில் நழுவிக்கொண்டிருந்தது.

"நீரோட்டமா இருக்கும்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"இருக்கலாம். தண்ணி நிக்கிற நேரத்துல மறுபடி பார்ப்போம்" என்றாள் அக்கா.

மூன்று மணி நேரம் காத்திருந்து, ஏற்றமும் வற்றமும் இல்லாத நேரத்தில் மறுபடி ஓட்டினார்கள். ஒருமுறை இல்லை, எட்டு முறை. நாலாவது முறையிலேயே கயிறு பிடித்த பெண்களுக்குக் கை கொப்பளித்துவிட்டது. ஆறாவது முறை தங்கையை எழுப்பிவிட்டு அக்காவே சுக்கானைப் பிடித்தாள். ஆள் மாறியும் கதை மாறவில்லை. இடப்பக்கக் காற்றில் சொன்ன சொல் கேட்டது. வலப்பக்கக் காற்றில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நாற்பது ஐம்பது மீட்டர் நழுவியது. ஜி.பி.எஸ். கருவி காட்டியதை அக்கா ஒன்று விடாமல் எழுதிக்கொண்டாள்.

"என் மைத்துனனுக்கும் வலப்பக்கக் காத்துதான் ஆகாது" என்று மருந்துக்கடைக்காரர் தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னார். "வலப்பக்கக் காத்துன்னாலே கை நடுங்குது அவனுக்குன்னு சொல்லுவேன்."

அக்காவின் கையும் அப்போது சுக்கானில்தான் இருந்தது. அது நடுங்கவில்லை. ஆனால் படகு நேராகப் போகச் சுக்கானை ஓரமாகவே அழுத்திப் பிடிக்கவேண்டியிருந்தது.

அடுத்த நாள் படகை மறுபடி மேலே தூக்கச் சொன்னாள். கிரேன்காரர் சலித்துக்கொண்டார். "நேத்துதானே தூக்கினோம்? என்னக்கா இது, தொட்டில்ல போட்டு ஆட்டுறமாதிரி."

"இன்னைக்கு ஒரு நாள் ஆட்டுங்க. அப்புறம் தூங்கிடும்."

ரசமட்டம் வைத்துப் படகை ஆடாமல் அசையாமல் நிறுத்தினார்கள். முன்முனையின் நட்டநடுவிலிருந்து பின்முனையின் நட்டநடுவுக்கு, படகின் அடியில், தரையோடு தரையாக ஒரு நூல் கட்டினாள். கொத்தனார்கள் வைத்திருக்கும் தூக்குக்குண்டு ஒன்றைக் கீலின் முன்விளிம்பில் தொங்கவிட்டாள். குண்டின் கூர் சரியாக நூலின் மேல் வந்து நின்றது. பின்விளிம்பில் தொங்கவிட்டாள். கூர் நூலைத் தொடவில்லை. வலப்பக்கம் தள்ளி நின்றது. குண்டு ஆட்டம் அடங்கட்டும் என்று காத்திருந்தாள். அடங்கியது. அப்படியே தள்ளித்தான் நின்றது. அளவுகோலை வைத்தாள். பதினான்கு மில்லிமீட்டர். ஒரு விரற்கடை.

தங்கை குனிந்து பார்த்தாள். "இவ்வளவு சின்னதா? இதுக்கா இந்தக் கூத்து?"

"தண்ணிக்கடியில இது சின்னதில்லை. வண்டியோட முன்சக்கரத்தை ஒரு பக்கமா திருகிவெச்சுட்டு நேரா ஓட்டுன்னா எப்படி இருக்கும்?"

பயிற்சிப் பள்ளிக்காரிக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. "அப்போ மறுபடி கழட்டி நேரா மாட்டிட்டா?"

"பழையபடி ஓடும்."

தங்கையின் கண் மின்னியது. சுற்றும்முற்றும் பார்த்தாள். மருந்துக்கடைக்காரர் கடை திறக்கப் போயிருந்தார். கிரேன்காரர் தூரத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். "அக்கா, இது நமக்குள்ள இருக்கட்டும். அவரு மந்தமான படகுன்னு நினைச்சுத்தான் அடிமாட்டு விலைக்குத் தர்றாரு. வாங்கிட்டு அப்புறம் நேராக்கிக்கலாம். பொய் சொல்லப் போறதில்லையே. உன்னைக் கூப்பிட்டது நான். எனக்குத்தானே நீ தாள் கொடுக்கணும்?"

அதில் தப்பு கண்டுபிடிக்க முடியாது. வாங்குபவருக்காகப் பார்த்ததை விற்பவரிடம் சொல்லவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அக்கா நூலைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அலமாரியின் கீழ்த்தட்டில் பழைய குறிப்பேடுகள் வருஷவாரியாக அடுக்கியிருந்தன. இரண்டு வருஷத்துக்கு முந்தையதை எடுத்துத் தரையில் உட்கார்ந்தாள். மஞ்சள் படகின் பக்கம் கிடைத்தது. போல்ட் இறுக்கம்: எண் இருந்தது. விரிசல்: எங்கே பார்த்தாள், எப்படிப் பார்த்தாள் எல்லாம் இருந்தது. கசிவு: எத்தனை மணி நேரம் தண்ணீரில் வைத்தாள் என்று இருந்தது. 'நேர்கோடு' என்ற வரியில் மட்டும் எண் இல்லை. ஒரு டிக் மட்டும் இருந்தது.

அந்த நாள் அவளுக்கு நினைவுக்கு வந்தது. அன்றைக்கு இன்னும் இரண்டு படகு பாக்கி இருந்தது. நூல் கட்ட இன்னொரு ஆள் வேண்டும். பின்னால் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். நேராகத்தான் தெரிந்தது. டிக் போட்டாள்.

தங்கை இரண்டு முறை தொலைபேசியில் அழைத்தாள். மூன்றாவது முறை எடுத்தாள்.

"நான் அவர்கிட்ட சொல்லப்போறேன்" என்றாள் அக்கா.

"சொல்லு. ஒரு வாரம் கழிச்சு சொல்லு. நான் வாங்கினப்புறம் சொல்லு. என் பொண்ணுங்க அஞ்சு பேரும் வேலைக்கு லீவு போட்டுட்டு உட்கார்ந்திருக்காங்க அக்கா."

"அந்தத் தப்புத் தாள் என்னோடது. நான் பார்க்காததைப் பார்த்தேன்னு எழுதியிருக்கேன். அதை வெச்சு என் தங்கச்சி லாபம் பார்த்தான்னு ஆகக்கூடாது."

"உன் பேரைக் காப்பாத்திக்க என் படகைப் பலி கொடுக்கிறே."

"பேரா? சொன்னப்புறம் பேரு எங்க இருக்கப்போகுது?"

தங்கை பட்டென்று வைத்துவிட்டாள்.

மருந்துக்கடையில் கூட்டம் ஓயும்வரை அக்கா ஓரமாக நின்றாள். பிறகு குறிப்பேட்டையும் புதிய அளவுகள் எழுதிய தாளையும் கண்ணாடி மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். பூசவுமில்லை, மெழுகவுமில்லை. மருந்துக்கடைக்காரர் மருத்துவரின் சீட்டைப் படிப்பதுபோல இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். டிக்கின் மேல் விரலை வைத்தார்.

"படகுல என்னமோ இருக்கு மாமான்னு அவன் படிச்சுப் படிச்சுச் சொன்னான்" என்றார். "நான் உங்க தாளைக் காட்டித்தாம்மா அவன் வாயை அடைச்சேன்."

அக்கா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"என் மனைவி ஒரு வருஷமா தம்பி வீட்டுக்குத் தனியாத்தான் போயிட்டு வர்றா. நான் எங்க இருக்கேன்னு அங்க யாரும் கேக்கறதில்லையாம். உங்க மேல கோபமில்லைன்னு சொன்னா அது பொய்."

"கோபப்படுங்க. கீலைக் கழட்டி மாட்டுற வேலை என் பொறுப்பு. நானே பக்கத்துல நின்னு அளக்கிறேன்."

"நீங்க அளங்க. அளந்ததை இன்னொருத்தரும் அளக்கட்டும்" என்றார். பிறகு, "உங்க தங்கச்சிகிட்ட சொல்லிடுங்க. படகு விலைக்கு இல்லை" என்றார்.

சொன்னாள். தங்கை 'சரி' என்று ஒரே வார்த்தையில் செய்தி அனுப்பியதோடு சரி. அதற்குப் பிறகு அழைத்தால் எடுக்கவில்லை.

கீலைத் திரும்ப மாட்டிய அன்று, இரண்டாவதாக அளக்க வந்தவன் மைத்துனன். அக்காவைப் பார்த்து ஒரு வணக்கம் மட்டும் வைத்தான். நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, குண்டின் கூர் நூலில் நிற்பதை மூன்று முறை பார்த்தான். மாமாவும் அவனும் பேசிக்கொண்டது போல்ட்டைப் பற்றியும் பசையைப் பற்றியும்தான். போகும்போது ஒரே வண்டியில் போனார்கள்.

அக்காவின் வேலை அதோடு முடியவில்லை. குறிப்பேடுகளை எல்லாம் இறக்கி, 'நேர்கோடு' வரியில் எண் இல்லாமல் வெறும் டிக் இருந்த படகுகளைத் தேடினாள். மஞ்சள் படகு போக இன்னும் பதினொன்று இருந்தன. ஒவ்வொரு உரிமையாளரையும் அழைத்து, "உங்க படகை நான் அளக்காமலே அளந்ததா எழுதிட்டேன், மறுபடி வந்து பார்க்கணும்" என்றாள். சிலர் சிரித்தார்கள். ஒருவர் கண்டபடி ஏசினார். இரண்டு பேர் அவளை இனிமேல் அந்தப் பக்கமே வரவேண்டாம் என்றார்கள். வரவேண்டாம் என்றவர்களுக்கு எழுத்தில் அனுப்பினாள். துறையில் அரசல்புரசலாகப் பேச்சு கிளம்பியது. அந்த மாதம் புதிதாக யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அவள் பட்டியலோடு ஒவ்வொரு படகாகப் போய்க்கொண்டிருந்தாள்.

ஐந்தாவது படகின் அடியில் படுத்துக் கிடந்தபோது பக்கத்தில் இரண்டு செருப்புகள் வந்து நின்றன. தங்கை.

"பத்தொன்பது நாள் பேசாம இருந்தேன்" என்றாள். "ஒரு பச்சைப் படகு பார்த்து வெச்சிருக்கேன். பார்க்க அவ்வளவு லட்சணமா இல்லை. நாளைக்கு வர்றியா?"

"இதுக்கப்புறம் இன்னும் நாலு படகு பாக்கி இருக்கு."

"தெரியும்." தங்கை மண்டியிட்டு உட்கார்ந்தாள். "டேப்பை இந்தப் பக்கம் கொடு. சீக்கிரம் முடிப்போம்."

பச்சைப் படகு அடியிலிருந்து நுனிவரை நேராக இருந்தது. கனம்தான் கொஞ்சம் கூடுதல். உள்ளே இருந்த பழைய மர அலமாரிகளைப் பிடுங்கிப் போட்டால் குறையும் என்று அக்கா எழுதிக்கொடுத்தாள். அணிப் பெண்கள் ஐந்து பேரும் இரண்டு நாளில் பிடுங்கிப் போட்டார்கள்.

முதல் பந்தயத்தில் மஞ்சள் படகு இரண்டாவதாக வந்தது, சுக்கானில் மைத்துனன். பச்சைப் படகு ஐந்தாவது. கரைக்கு வந்ததும் தங்கை உப்பு படிந்த முகத்தைத் துடைக்கக்கூட இல்லை. நேராக அக்காவிடம் வந்தாள்.

"கடைசித் திருப்பத்துல அவன் வலப்பக்கக் காத்துல என்னைத் தாண்டிப் போனான்" என்றாள். "பாயை இன்னும் எவ்வளவு இறுக்கலாம்? சொல்லு. அடுத்த ஞாயிறு அவனை நான் விடப்போறதில்லை."